கோபக்காரக் கோழி... வானநிற முட்டை!

முட்டை என்றால் வெள்ளை. நாட்டுக்கோழி முட்டை என்றால் இளம்பழுப்பு. பெரும்பாலான வீடுகளில் முட்டையின் நிறக் கணக்கு இதோடு முடிந்துவிடும். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், தெமூக்கோ நகரத்துச் சந்தைக்குப் போனால் இந்தக் கணக்கு தப்பிவிடும். அங்கே கூடையில் அடுக்கியிருக்கும் முட்டைகள் நீலம்! சாயம் பூசியதல்ல, கோழி இட்டபோதே அந்த நிறம்தான். மழை விட்ட காலை வானம்போல வெளிர்நீலம். இடையிடையே கடல்பச்சை, பாசிப்பச்சை.

முட்டை எவ்வளவு அழகோ, அதை இடும் கோழி அவ்வளவு முரடு. கூண்டில் அடைத்தால் பிடிக்காது. ஆள் நெருங்கினால் சீறும். முட்டையை வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமல் புதரில் ஒளித்துவைக்கும். திடீரென ஒருநாள் அடைக்கு உட்கார்ந்துவிட்டால், மாதக்கணக்கில் முட்டையே கிடையாது. ஆனாலும் இந்தக் கோபக்காரியைத் தலைமுறை தலைமுறையாகக் கொல்லையில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள், அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாப்புச்சே பெண்கள்.

ஆற்றைத் தாண்டினால் வேறு நாடு

தலைநகர் சான்டியாகோவிலிருந்து தெற்கே சுமார் 670 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது தெமூக்கோ. இரவுப் பேருந்தில் தூங்கிக்கொண்டே போய்விடலாம். ஆனால், பகலில் போனால்தான் பாதையின் கதை புரியும். திராட்சைத் தோட்டங்கள் மெல்ல மறைந்து, பைன் மரக்காடுகளும் கோதுமை வயல்களும் வரும். வழியில் குறுக்கிடுகிற பெரிய ஆறு பியோபியோ.

இந்த ஆறு ஒரு காலத்தில் நாட்டின் எல்லை. இன்காக்களின் பேரரசையே வீழ்த்திய ஸ்பானியர்களால் மாப்புச்சேக்களை மட்டும் அடக்க முடியவில்லை. பல்லாண்டுப் போருக்குப் பிறகு 1641-ல் கிலீன் என்ற இடத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே மாப்புச்சேக்களின் பூமி என்று ஒப்புக்கொண்டது ஸ்பெயின். அதன் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த மண் அவர்கள் கையிலேயே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சிலி ராணுவம் ஆற்றைக் கடந்து உள்ளே புகுந்தது. தெமூக்கோவே 1881-ல் ஒரு ராணுவக் கோட்டையாகத் தொடங்கிய ஊர்தான்.

ராணுவத்தின் பின்னாலேயே ரயிலும் வந்தது. வழியில் இருக்கும் மாயேகோ ரயில் பாலம் 1890-ல் திறக்கப்பட்டது. பள்ளத்தாக்குக்கு மேலே 102 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்த இரும்புப் பாலத்தை நெடுஞ்சாலையிலிருந்தே பார்க்கலாம். கவிஞர் பாப்லோ நெரூதாவின் அப்பா ரயில்வே ஊழியர். நெரூதா வளர்ந்ததும் தெமூக்கோவில்தான்.

மாப்புச்சே மொழியில் 'மாப்பு' என்றால் மண். 'சே' என்றால் மக்கள். மண்ணின் மக்கள்! ஆனால், படையெடுப்புக்குப் பிறகு அந்த மண்ணில் பெரும்பகுதி குடியேறியவர்களுக்குப் போனது. மாப்புச்சே குடும்பங்கள் துண்டு நிலங்களுக்குள் ஒதுக்கப்பட்டன. துண்டு நிலத்தில் மாடு வளர்ப்பது கஷ்டம், கோழி வளர்க்கலாம். கோழி பெண்களின் கணக்கில் இருந்தது. முட்டை விற்ற காசும்தான்.

சந்தையில் நீலக் கூடை

தெமூக்கோவின் ரயில் நிலையத்தை ஒட்டிய ஃபெரியா பிந்தோ, அந்த வட்டாரத்தின் பெரிய சந்தை. விறகுப்புகை வாசம் ஊரெங்கும் இருக்கும். குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு விறகடுப்புதான். சந்தைக்குள் நுழைந்தால் புகைபோட்ட மிளகாயையும் கொத்தமல்லி விதையையும் இடித்துச் செய்த 'மெர்கேன்' பொடி மூக்கைத் துளைக்கும். கயிறுபோலச் சுருட்டிக் கட்டிய கடற்பாசி ஒரு பக்கம். வசந்தகாலத்தில் மரக்கிளைகளில் முளைக்கும் ஆரஞ்சு நிறக் காளான் இன்னொரு பக்கம். கிராமத்துப் பெண்கள் தங்கள் தோட்டத்துக் கீரை, பூண்டு, உருளைக்கிழங்கோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூடைகளுக்கு நடுவேதான் நீல முட்டை.

நீல முட்டையைப் பார்க்க ஏற்ற காலம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. பூமியின் தென்பாதியில் பருவங்கள் தலைகீழ். அங்கே ஜூன், ஜூலை நல்ல குளிர்; பகல் பொழுதும் குறைவு. கோழி முட்டையிட அதன் உடம்புக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். பண்ணையில் விளக்குப் போட்டு ஏமாற்றுவார்கள். கொல்லைக் கோழிக்கு அந்த வசதியில்லை. குளிர்காலத்தில் முட்டையை நிறுத்தி, பகல் நீள நீளத் திரும்பத் தொடங்கும்.

சிலியில் நீல முட்டை என்றாலே 'இது கிராமத்து முட்டை' என்று நம்பி வாங்குகிறார்கள். விலையும் சற்றுக் கூடுதல். சின்ன இரும்புச் சட்டியில் முட்டையைப் பொரித்து, சட்டியோடு மேஜைக்குக் கொண்டுவந்து, சுடுரொட்டியால் தொட்டுச் சாப்பிடுவது அங்கே பிரபலமான காலையுணவு. நிறத்துக்காகச் சத்து கூடவோ குறையவோ செய்யாது. மஞ்சள் கரு ஆழ்ந்த நிறத்தில் இருந்தால், அது கோழி மேய்ந்த புல்லின் மகிமை. ஓட்டின் மகிமை அல்ல.

நகரத்தைத் தாண்டி மேற்கே கடலோரம் போனால் புதி ஏரி. கிழக்கே மலைப்பக்கம் போனால் குராரேவே. இரண்டு பக்கமும் மாப்புச்சே குடும்பங்கள் தங்கள் 'ருக்கா'க்களில், அதாவது புல் வேய்ந்த மரபு வீடுகளில், விருந்தினர்களை வரவேற்கிறார்கள். கோழியை அதன் இடத்தில் பார்க்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும்.

வாலும் இல்லை, பொறுமையும் இல்லை

மாப்புச்சே மொழியில் கோழிக்கு 'அச்சவல்' என்று பெயர். அதில் பல வகைகள். 'கொயோங்கா' என்பது வாலில்லாத கோழி. வால் இறகு மட்டுமல்ல, வால் எலும்பே பிறவியில் கிடையாது. பின்பக்கம் உருண்டையாக, யாரோ கத்தரித்துவிட்டதுபோல இருக்கும். 'நரி துரத்தினால் கவ்வ வால் இருக்காதே' என்று சொல்லிச் சிரிப்பார்கள். 'கெத்ரோ' வகைக்குக் காதருகே தோல் முளையொன்று துருத்தி, அதில் இறகுக்கொத்து நிற்கும். ஜிமிக்கி போட்ட கோழி!

இந்த ஜிமிக்கிக்குப் பின்னால் ஒரு சோகம் உண்டு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஜிமிக்கி மரபணுவைப் பெறும் குஞ்சு, ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடும். ஜிமிக்கிச் சேவலையும் ஜிமிக்கிக் கோழியையும் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு முட்டை இப்படிப் போகும். அதனால், அனுபவசாலிகள் ஒன்றுக்கு ஜிமிக்கி இருந்தால், ஜோடிக்கு ஜிமிக்கி இல்லாததைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். வாலில்லாக் கோழிக்கும் ஒரு தொல்லை இருக்கிறது. பின்பக்க இறகு அடர்ந்து மூடிக்கொள்வதால் இணைசேர்வது சரியாக நடக்காது. முட்டை கூமுட்டையாகப் போகும். வசந்தம் தொடங்குமுன் அந்த இறகைக் கத்தரித்துவிட்டால் பலன் கிடைக்கும்.

குணம்? நம் ஊர்ப் பாட்டிகளிடம் கேட்டால் 'இதுக்கு ரோஷம் ஜாஸ்தி' என்பார்கள். சாயங்காலம் கூண்டில் அடங்குவதைவிட ஆப்பிள் மரக்கிளையில் ஏறிக்கொள்வதுதான் அதற்கு இஷ்டம். கூட்டிலிருந்து முட்டைகளை மொத்தமாக எடுத்துவிட்டால், அடுத்த நாளே வேறு மறைவிடம் தேடிப் போய்விடும். அதனால் ஒரு முட்டையை விட்டுவைத்துத்தான் மற்றவற்றை எடுக்க வேண்டும். வேலியோரப் புதர், விறகு அடுக்கு, ஏர் சாய்த்துவைத்த மூலை என்று எங்கெங்கோ முட்டையைத் தேடுவது வீட்டுப் பிள்ளைகளின் வேலை.

ஒரு வசதியும் உண்டு. ஒரு கோழி தன் வாழ்நாள் முழுக்க ஒரே நிறக் குடும்பத்தில்தான் முட்டையிடும். பருவத்தின் தொடக்கத்தில் நிறம் அழுத்தமாக இருக்கும், போகப் போக வெளுக்கும், அவ்வளவுதான். அதனால், முட்டையைப் பார்த்தே 'இது சாம்பல் கோழியுடையது, இது கறுப்பியுடையது' என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிடுவார். எந்தக் கோழி வேறெங்கோ ஒளித்துவைக்கிறது என்பதும் அப்படியே பிடிபட்டுவிடும்.

21 நாள் தவம்

கோபத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமா? அது அடையில் இருக்கும்போது கிட்டே போங்கள்.

மார்பு இறகைத் தானே பிடுங்கிக்கொண்டு, வெறும் தோலின் சூடு முட்டையில் படும்படி உட்காரும். உடம்பைத் தட்டையாக்கி, இறகை விரித்து, தொண்டைக்குள்ளிருந்து உறுமும். கையை நீட்டினால் கொத்து நிச்சயம். ஒரு நாளைக்கு ஒருமுறை எழுந்து, அவசரமாகத் தின்று, குடித்து, எச்சமிட்டுவிட்டு ஓடிவந்து உட்கார்ந்துகொள்ளும். முட்டைகளை அலகால் புரட்டிப் புரட்டி வைப்பதும் அதுவே. 21 நாள் இந்தத் தவம்.

இதைச் சமாளிக்கும் வித்தை, நம் ஊரில் அடைவைக்கத் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. அடைமுட்டையை மாற்றுவதோ சேர்ப்பதோ இருட்டிய பிறகுதான். இருட்டில் கோழி அடங்கிவிடும். அடைவைக்கும் முட்டைகளில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். வேறு கோழி வந்து அதே கூட்டில் இட்டுவிட்டுப் போனால், கோடில்லாத முட்டையை அடையாளம் கண்டு எடுத்துவிடலாம். ஒரு வாரம் கழித்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கரு கூடியதும் கூமுட்டையும் தெரிந்துவிடும். நீல ஓடாக இருப்பதால் விளக்கு கொஞ்சம் பிரகாசமாக வேண்டும். தண்ணீரும் கோதுமையும் கூட்டுக்கு நாலடி தள்ளி வைக்க வேண்டும். பக்கத்திலேயே வைத்தால் கோழி எழுந்து நடக்காது, கூடு நாறிப்போகும்.

குஞ்சு பொரித்த பிறகு ஆறு, எட்டு வாரம் தாய்ப்பணி. வானத்தில் 'பெஉகோ' பருந்தின் நிழல் விழுந்தால் ஒரே ஒரு எச்சரிக்கைக் குரல்; குஞ்சுகள் அத்தனையும் புல்லுக்குள் மறைந்துவிடும். நாயோ நரியோ வந்தால் இறகை விரித்துக்கொண்டு எதிரே பாயும். மனிதர்களுக்குத் தொல்லையாகத் தெரிகிற அதே கோபம்தான் குஞ்சுகளுக்குக் காவல்.

நீலம் எங்கிருந்து வருகிறது?

பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருக்கும். பழுப்பு நிறம் கடைசி நேரத்தில் மேலே பூசப்படும் பூச்சு. நீல முட்டை அப்படியல்ல. உள்ளும் புறமும் நீலம். ஓடு உருவாக சுமார் 20 மணி நேரமாகும். அந்த நேரம் முழுக்க 'பிலிவெர்டின்' என்ற நிறமி ஓட்டோடு கலந்துகொண்டே இருக்கும். அடிபட்ட இடம் கன்றிப்போய் சில நாளில் பச்சையாகத் தெரிகிறதே, அதுவும் இதே நிறமிதான். மைனா, தவிட்டுக்குருவி முட்டைகளின் நீலத்துக்கும் இதுவே காரணம். நீல ஓட்டின் மேல் பழுப்புப் பூச்சு விழுந்தால் பச்சை முட்டை.

இது பரம்பரையாக வரும் குணம் என்பதை 1933-ல் நிறுவியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரெஜினால்ட் பன்னெட். பள்ளி உயிரியல் பாடத்தில் கட்டம் போட்டுக் கணக்குச் செய்வோமே, அந்தப் பன்னெட் கட்டத்துக்குச் சொந்தக்காரர்தான்! தென் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த கோழிகளை வைத்து அவர் கண்டது இது: நீலம் ஓங்கு பண்பு. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், மகள் கோழி நிற முட்டையிடும்.

அந்த மரபணு எப்படி வந்தது? 2013-ல் வெளிவந்த ஆய்வுகள் வியப்பான விடை சொல்லின. எப்போதோ ஒரு காலத்தில் ஒரு வைரஸ், கோழியின் மரபணுத் தொடருக்குள் புகுந்து அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அது போய் உட்கார்ந்த இடம், முட்டை ஓட்டுக்கு நீலம் கொண்டுவரும் கதவைத் திறந்துவிட்டது. முட்டை தின்பவருக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லை. சீனாவிலும் நீல முட்டைக் கோழிகள் உண்டு. ஆனால், அங்கே அதே வைரஸ் சற்றுத் தள்ளி வேறு இடத்தில் புகுந்திருக்கிறது. அதாவது, இரண்டு கண்டங்களில் இரண்டு தனித்தனி விபத்துகள். விளைவு மட்டும் ஒன்று!

கொலம்பஸுக்கு முன்பா, பின்பா?

இன்னொரு சண்டை இன்றும் ஓயவில்லை. அமெரிக்கக் கண்டத்துக்குக் கோழியைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள் என்பதே பாடப்புத்தகக் கதை. 2007-ல் சிலியின் எல் அரேனால் என்ற இடத்தில் கிடைத்த கோழி எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அவை 14-ஆம் நூற்றாண்டு வாக்கிலானவை என்றார்கள். அப்படியானால் கொலம்பஸ் வருவதற்கு முன்பே, பசிபிக் கடலைப் படகில் கடந்த பொலினீசியர்கள் கோழியோடு வந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அந்தக் காலக்கணக்கையும் மரபணு ஒப்பீட்டையும் கேள்வி கேட்டார்கள். வாதம் தொடர்கிறது.

வெளியுலகத்துக்கு இந்தக் கோழியை அறிமுகப்படுத்தியவர், ஸ்பெயின் கோழியியல் அறிஞர் சல்வதோர் கஸ்தெயோ. சிலியில் பார்த்த கோழியை 1921-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த உலகக் கோழி மாநாட்டில் விவரித்தார். வாலில்லாமை, ஜிமிக்கி, நீல முட்டை மூன்றும் சேர்ந்த இது தனி உயிரினமே என்று நினைத்து, அதற்கு அறிவியல் பெயரும் சூட்டினார். பிறகுதான் தெரிந்தது, சிலியின் வளர்ப்பாளர் ரூபன் புஸ்தோஸ் இரண்டு வகைகளைக் கலந்து உருவாக்கியது அது என்று. ஆனாலும் 'அராவ்கானா' என்ற பெயர் உலகெங்கும் பரவிவிட்டது. அது ஸ்பானியர்கள் மாப்புச்சேக்களுக்கு வைத்த பெயர்; அவர்கள் தங்களை அப்படி அழைத்துக்கொள்வதில்லை.

மாப்புச்சே மொழியில் நீலத்துக்கு 'கல்ஃபு' என்று பெயர். அவர்களுக்கு அது புனித நிறம், மேலுலகத்தின் நிறம். 19-ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற தலைவர் ஒருவரின் பெயரே கல்ஃபுகுரா, அதாவது நீலக்கல்.

நிறம் பிழைக்கும், குணம்?

நீலம் ஓங்கு பண்பு என்றோமே, அதில்தான் சிக்கலும் இருக்கிறது. ஓங்கு பண்பை எந்தக் கோழிக்குள்ளும் எளிதாக ஏற்றிவிடலாம். பன்னெட்டே அந்த வழியில் 'கிரீம் லெக்பார்' என்ற நீல முட்டைக் கோழியை உருவாக்கினார். இன்று இங்கிலாந்தின் சூப்பர் மார்க்கெட்டில் நீல முட்டை அட்டைப்பெட்டியில் கிடைக்கிறது. நிறத்துக்கு ஆபத்தில்லை.

ஆனால், அடை உட்காரும் குணம் அப்படி ஒட்டிக்கொண்டு வராது. ஆண்டுக்கு 300 முட்டையிடும் பண்ணைக் கலப்பினக் கோழியிடமிருந்து அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாக வடிகட்டி நீக்கியிருக்கிறார்கள். அடை உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடுமே! அந்தக் கோழியின் சேவல் கிராமத்துக்குள் வந்து கலந்தால் என்ன ஆகும்? மகள் கோழி பச்சையாகவோ நீலமாகவோ முட்டையிடும். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால், உட்கார்ந்து பொரிக்காது. அடுத்த ஆண்டுக் கோழிக்குக் கடையில் குஞ்சு வாங்க வேண்டும்.

மாப்புச்சே வீட்டுக்காரம்மாவின் முன்னால் ஒவ்வொரு வசந்தத்திலும் இந்தக் கணக்கு வந்து நிற்கிறது. கையில் 12 நீல முட்டைகள். சந்தைக்குக் கொண்டுபோனால் இன்றே காசு. கோழிக்குக் கீழே வைத்தால், அந்தக் கோழியிடமிருந்து இரண்டரை மாதத்துக்கு முட்டை கிடையாது, பொரித்ததில் பாதி சேவலாகப் போகும், பருந்துக்குச் சில. மிஞ்சுவது மூன்றோ நாலோ பெட்டைக் கோழிகள். நீல முட்டைக்கு விலை ஏற ஏற, அடைவைப்பதற்கு மனசு வருவது கஷ்டமாகிறது.

இதைப் புரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். மாப்புச்சேக்களின் 'டிராஃப்கிந்து' என்ற பண்டமாற்றுக் கூடலில் விதை, நாற்று, மூலிகையோடு கோழியும் அடைமுட்டையும் கைமாறுவதுண்டு. விதை காப்பதைப் பெருமையாக நினைக்கும் பெண்களுக்கு, அடைமுட்டையும் விதைதான். இத்தாலியில் தொடங்கிய ஸ்லோ ஃபுட் இயக்கமும் இந்த நீல முட்டைக் கோழியைப் பாதுகாக்க வேண்டிய பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அதனால், சந்தையில் நீல முட்டை வாங்குகிறவர்கள் விலை கேட்பதோடு, 'இந்தக் கோழி அடை உட்காருமா?' என்றும் கேட்டால் நல்லது. அலுத்துக்கொண்டே, கையில் கொத்து வாங்கிய தழும்பைக் காட்டி, 'உட்காராமல் பின்னே!' என்று அந்தம்மா சொன்னால், அந்தக் கூடையில் இருப்பது அசல் சரக்கு.